மாதம்மா சொன்னதும் நான் சொன்னதும்

விண்ணப்பம் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது, கம்பெனி அறக்கட்டளைகளிடம் எப்படி நிதி கேட்டு வாங்குவது என்று. படிவத்தை நிரப்புவதும், நோக்கத்துக்கும் செயலுக்கும் தனித்தனிக் கட்டம் போடுவதும், எந்தச் சான்றிதழை எங்கே இணைப்பது என்பதும் ஒரு மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். கம்ப்யூட்டரில் என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள். அதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சொல்லப்போவது கிடைத்த ஒரு நிதியைப் பற்றி. கிடைக்காமல் போனவை எத்தனையோ உண்டு. அவற்றுக்காக நான் நிம்மதி கெட்டுப் போனதில்லை. இது கிடைத்தது.

தருமபுரியில் ஒரு மாடியில் மூன்று அறைகள். அதுதான் எங்கள் தொண்டு நிறுவனம். இண்டூர், பாப்பாரப்பட்டிப் பக்கம் கண் பரிசோதனை முகாம், ரத்தசோகைப் பரிசோதனை என்று தொடங்கி, பிறகு மலைப்பக்கமும் போனோம். நான் அங்கே சேர்ந்தது சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க. அரசு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்திருந்தேன் என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வெளியூரிலிருந்து யாராவது பார்க்க வந்தால் மொழிபெயர்த்துச் சொல்வதும் நான்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அதையே செய்து, போன வருடம் ஓய்வு பெற்றேன்.

அந்த அறக்கட்டளையின் பெயர் வேண்டாம். பெரிய கம்பெனியுடையது. சுகாதாரச் சமத்துவம்தான் தங்கள் நோக்கம் என்று அறிவித்திருந்தார்கள். ஒருவர் எங்கே பிறந்திருந்தாலும், என்ன சாதியானாலும், கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பது அதற்கு அர்த்தம். அதைப் படித்ததும் எனக்குச் சித்தேரி மலைப்பக்கம் உள்ள ஓர் ஊர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ரோடு கிடையாது. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இரண்டரை மணி நேரம் ஏற வேண்டும். சாமையும் தினையும் விளையும். புளி, கடுக்காய், தேன் எடுத்துத் தலையில் சுமந்து கீழே கொண்டுவந்து விற்பார்கள். பிரசவமோ பாம்புக்கடியோ எதுவானாலும் மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

நாங்கள் கேட்டது ஒரு நர்ஸ். வாரம் ஒரு நாள் மேலே ஏறிப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்து, பிரஷர் எடுத்து, மாத்திரை கொடுத்து வர ஒரு நர்ஸ். அவ்வளவுதான்.

விண்ணப்பம் அனுப்பிப் பத்து நாளில் அந்த அறக்கட்டளையின் திட்ட அலுவலர் போனில் கூப்பிட்டார். பெங்களூரில் இருக்கும் இளம்பெண். ஆங்கிலத்தில்தான் பேசுவார். என் மகள் வயது இருக்கும். ஆனால் பின்னால் அவரிடமிருந்துதான் இந்த வேலையின் கசப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டேன். அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை.

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நர்ஸ் சம்பளம் என்று கேட்டால் எங்கள் குழுவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்" என்றார். "இந்த வருடம் தொழில்நுட்பம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். டாக்டரோடு வீடியோவில் பேசும் கருவி ஒன்று இருக்கிறது. அதை வைத்து எழுதுங்கள். கருவியை இயக்க ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேட்டால் அதற்கும் சேர்த்து ஒப்புதல் கிடைத்துவிடும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களுக்கு நர்ஸ் கிடைக்கட்டும் என்றுதான் சொன்னார். நானும் அப்படித்தான் எழுதினேன். சின்னப் பெட்டி, உள்ளே ஒரு திரை, பிரஷர் பார்க்கும் பட்டை, நாடித் துடிப்புக்கு ஒரு கிளிப். சூரிய வெளிச்சத்தில் சார்ஜ் ஏறும். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: அங்கே இணைய இணைப்பு உண்டா? ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும்போது அதன்மேல் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும். 'உண்டு' என்று எழுதினேன். நான் எழுதியது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு நேரில் பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்ணும், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரியும். அதிகாரி வடக்கே உள்ளவர்; மரியாதையான மனிதர். மூச்சு வாங்கினாலும் முகம் சுளிக்காமல் ஏறினார். மறுநாள் ஒகேனக்கல் போகலாமா, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று வழியில் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஊரில் எங்கள் சுகாதாரப் பணியாளர் மல்லிகா எல்லோரையும் கோயில் முன்னால் உட்கார வைத்திருந்தாள். மல்லிகா அந்த ஊர்ப் பெண். பிளஸ் டூ வரை படித்தவள். கைக்குழந்தைகளோடு வந்த பெண்களும் வயசானவர்களும்தான் கூட்டத்தில் அதிகம். முன் வரிசையில் மாதம்மா இருந்தார். ஊரில் பாதிப் பிரசவங்கள் அவர் கையில்தான் நடந்திருந்தன. பக்கத்தில் அவர் மகள் அலமேலு. கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி என்னைப் பார்த்து, "இப்படி ஒரு கருவி வந்தால் உபயோகமாக இருக்குமா என்று கேளுங்கள்" என்றார். நான் தமிழில் கேட்டேன். எல்லோரும் மாதம்மாவைப் பார்த்தார்கள்.

"பொட்டி எதுக்குங்க?" என்றார் மாதம்மா. "டாக்டரு பொட்டிக்குள்ள வந்து என்னா பண்ணுவாரு? இங்க ஆம்பளைங்களே இல்லீங்க. எல்லாம் திருப்பூரு, கேரளான்னு வேலைக்குப் போயிட்டாங்க. யாருக்காச்சும் முடியலன்னா தூக்கறதுக்கு ஆளு இல்ல. நாலு ஆம்பளைங்கள ஊருலயே நிறுத்தி வெக்கற மாதிரி கூலி குடுங்க. கீழ எறங்கிட்டா வண்டி வருது, ஆஸ்பத்திரி இருக்குது. எறங்கறதுதாங்க எங்களுக்குக் கஷ்டம்."

அதைவிடத் தெளிவாக ஒருவர் தன் ஊருக்கு என்ன வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு இருந்தது நான்கைந்து வினாடி. நாலு ஆண்களுக்குக் கூலி என்று சொன்னால் இந்த மனிதர் பேனாவை மூடிவிடுவார்; நர்ஸும் கிடைக்க மாட்டார். அது நன்றாகத் தெரிந்தது. நான் ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னேன்: "ஆண்கள் எல்லாம் வெளியூர் போய்விட்டதால் அவசரத்துக்குக் கீழே இறங்க முடிவதில்லை என்கிறார். டாக்டரே மேலே வருவது போல இந்தக் கருவி இருந்தால் பெரிய உதவி என்கிறார்."

பாதி அவர் சொன்னது. பாதி நான் சொன்னது. இரண்டும் எங்கே ஒட்டுகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு நேர்த்தியாகச் செய்தேன். அதிகாரி "இதைத்தான் கேட்க வந்தேன்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் நோட்டுப் புத்தகத்தில் குனிந்துகொண்டார். மாதம்மா, தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர்கள் முன்னால் இறங்கிப் போனபோது மல்லிகா என் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், மாதம்மாக்கா அப்பிடியா சொன்னாங்க?"

"நர்ஸ் வேணுமா வேணாமா, மல்லிகா?"

"வேணுங்க."

"அப்ப பேசாம வா."

நிதி கிடைத்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தோம். எங்கள் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ இல்லன்னா இது வந்திருக்காதும்மா" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நர்ஸ் வாரம் தவறாமல் ஏறினார். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு கர்ப்பிணிக்குப் பிரஷர் எகிறியிருந்ததைக் கண்டுபிடித்து நேரத்தோடு கீழே அனுப்பினார். தாயும் பிள்ளையும் இன்று நன்றாக இருக்கிறார்கள். பெட்டியும் வெயில் நாளில், பாறைமேல் கொண்டு போனால், வேலை செய்தது. ஊரில் அதை டாக்டர் பொட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கருவியோடு ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டித் தாள் வந்திருந்தது. அதை நான்தான் தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் அச்சடித்து, மல்லிகாவின் வீட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னேன். முதல் வரி: 'எந்த அவசரம் என்றாலும் முதலில் பெட்டியைத் திறக்கவும்.'

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அலமேலு பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கணவன் திருப்பூரில். நாள் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அடுத்த வாரம் நர்ஸோடு கீழே இறங்கிவிடலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் வலி எடுத்து, மத்தியானத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. நஞ்சுக்கொடியும் விழுந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை மல்லிகா எனக்கு மூன்று நாள் கழித்துச் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

"மாதம்மாக்கா ஒடனே தூளி கட்டுன்னு சொன்னாங்க மேடம். நான்தான், இருங்கக்கா, மொதல்ல டாக்டரக் கேட்டுரலாம், அப்பிடித்தான் சொல்லிக் குடுத்துருக்காங்கன்னு சொன்னேன். பொட்டியத் தொறந்தா சார்ஜு கொஞ்சந்தான் இருந்துச்சு. மூணு நாளா வெயிலே இல்ல. உரச் சாக்கப் போத்திக்கினு பாறைக்கு ஓடுனேன். வட்டம் சுத்திக்கினே இருந்துச்சு. ஒருவாட்டி டாக்டரு மூஞ்சி வந்துச்சு மேடம். நின்னு போச்சு. வந்துருச்சே, இன்னும் கொஞ்சம் நின்னா பேசிருவாருன்னு நின்னேன். மழையில நின்னேன். எவ்ளோ நேரம்னு தெரியல. மாதம்மாக்கா கீழ இருந்து என் பேரச் சொல்லிக் கத்தறாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்."

இறங்கி வந்து பார்த்தபோது அலமேலுவுக்கு நினைவு தப்பியிருந்தது. ஊரில் அன்றைக்கு இருந்த ஆண்கள் இரண்டு பேர், இருவரும் கிழவர்கள். பெண்களே மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டார்கள். முன்னால் ஒரு முனையை மாதம்மா பிடித்திருந்தார். சேற்றில் இரண்டு முறை விழுந்து எழுந்தார்கள். வழியில் சிக்னல் கிடைத்ததும் மல்லிகா போனில் கூப்பிட்ட வண்டி கீழே வந்து காத்துக்கொண்டிருந்தது. பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

முன்னமே கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

துக்கத்துக்குப் போனேன். மாதம்மா குழந்தைக்குச் சங்கில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். மல்லிகா வீட்டுச் சுவரில் நான் எழுதிய தாள் அப்படியே இருந்தது. யாரும் கிழிக்கவில்லை. நான்தான் கிழித்தேன்.

அரையாண்டு அறிக்கை எழுத வேண்டிய நாள் வந்தது. நடந்ததை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். செயலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் நல்ல மனிதர். அந்த மலைக்கு எங்களுக்கெல்லாம் முன்னால் ஏறியவர்.

"இது பொட்டி வேலை செய்யாதப்ப நடந்ததும்மா. திட்டத்துக்குள்ள எப்படி வரும்?"

"பொட்டிய நம்பி நின்னதாலதான் சார் நடந்துச்சு."

"தெரியும். இத எழுதினா நர்ஸையும் நிறுத்துவாங்க. அடுத்த பொண்ணுக்கு வலி எடுக்கும்போது நீயும் நானும் என்ன பண்ணப் போறோம், சொல்லு."

அந்தப் பக்கத்தை நானே அழித்தேன். அதற்குப் பதிலாக ஒரு வரி எழுதினேன்: 'மழைக்காலத்தில் கருவியின் இணைப்பில் சில தடங்கல்கள் ஏற்பட்டன.' அலமேலுவின் சாவு அந்த அறிக்கையில் 'சில தடங்கல்கள்' ஆனது. நீங்கள் அறிக்கை எழுதும்போது இப்படி வழவழப்பாக ஒரு வரி வந்து விழுந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு அதற்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கு அன்றைக்கு அடியில் யார் இருக்கிறாள் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

இரண்டாம் வருடத்துக்கு நிதியை நீட்டிப்பதா என்று முடிவு செய்ய அதே இருவரும் மறுபடியும் வந்தார்கள். அந்த முறை ஒரு முடிவோடுதான் நான் மலை ஏறினேன். யார் என்ன சொன்னாலும் அப்படியே சொல்வது. ஒரு சொல்லைக்கூட மாற்றுவதில்லை. கிடைத்தால் கிடைக்கட்டும், போனால் போகட்டும். அந்த முடிவு எனக்கு ஒருவித நிம்மதியைக்கூடக் கொடுத்தது.

அதே கோயில் முன்னால் கூட்டம். மாதம்மா இடுப்பில் குழந்தையோடு வந்து உட்கார்ந்தார். அதிகாரி அவரை அடையாளம் கண்டு சிரித்தார். "கருவி எப்படி இருக்கிறது என்று இந்த அம்மாவைக் கேளுங்கள். போன முறை அருமையாகப் பேசினார்" என்றார்.

கேட்டேன். மாதம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லா இருக்குதுங்க. டாக்டரு மேல வர்ற மாதிரியே இருக்குது. எங்களுக்கு ரொம்ப ஒதவி. நிறுத்திராதீங்க."

நான் போன வருடம் ஆங்கிலத்தில் சொன்னதை அவர் இப்போது தமிழில் சொல்கிறார் என்பது புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. மல்லிகா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் சொல்லித்தான் மாதம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்று வந்தவள் நான். மாற்றாமல் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது. முழுக்க முழுக்கப் பொய்யாகவும் இருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

அப்போது அந்தத் திட்ட அலுவலர் பெண் மாதம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தையின் காலைத் தொட்டுச் சிரித்தார். பிறகு தமிழில் கேட்டார்: "உங்க பொண்ணோட குழந்தையாம்மா? அவங்க எங்க, காணோமே?"

சுத்தமான, வீட்டில் பேசுகிற தமிழ். இவருக்குத் தமிழ் தெரியும். போன வருடமும் தெரிந்திருக்கிறது.

மாதம்மா அந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. கருவி எப்படி, நர்ஸ் எப்படி என்றெல்லாம் கேட்பார்கள் என்று தயாராக வந்தவர். மகள் எங்கே என்று யாரும் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. வாய் கோணியது. குழந்தையை இறுக்கிக்கொண்டார்.

"அவ இல்லீங்க" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தார். மல்லிகா பார்த்தாள். 'அவள் ஊரில் இல்லை' என்றுகூட நான் மொழிபெயர்த்திருக்கலாம். அவ்வளவு சுலபமான சொல் அது. நான் ஆங்கிலத்தில், "மகள் இறந்துவிட்டாள். இந்தக் குழந்தை பிறந்த அன்று. கருவியில் டாக்டர் வருவார் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள்" என்றேன். தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. பாறையைச் சொன்னேன், அறிக்கையில் எழுதாமல் விட்டதைச் சொன்னேன், போன வருடம் மாதம்மா உண்மையில் என்ன கேட்டார் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

இறங்குவதற்கு முன் மாதம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"மொதல்ல நான் நெசத்தச் சொன்னேன். நீங்க மாத்திச் சொன்னீங்க" என்றார். சத்தம் போடவில்லை. "நீங்க அப்ப சொன்னதையே இன்னைக்கு நானும் சொன்னேன். அத வுட்டுட்டு நெசத்தச் சொல்லிட்டீங்க. அவ போயிட்டா. நர்ஸம்மாவாச்சும் வந்துக்கினு இருந்தாங்க. இனி அதுவும் வராது, இல்ல?"

"வராதுக்கா" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் நேரான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. எங்கள் நேர்மையைப் பாராட்டி ஒரு வரி. இரண்டாம் ஆண்டுக்கு நீட்டிக்க இயலவில்லை என்று ஒரு வரி. கருவியை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவைக்கும்படி ஒரு முகவரி. நர்ஸ் நின்றார். மல்லிகாவுக்கு வேலை இல்லை. அவள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாள். செயலாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கும் ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். இந்த முறை தமிழில் பேசினார்.

"எங்கம்மாவுக்கு வேலூர்ப் பக்கம். வீட்டுல தமிழ்தாங்க. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுது, அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா ஃபைல் அங்கேயே நின்னிருக்கும். உங்க பேரும் கெட்டிருக்கும். நர்ஸாவது மேல போகட்டும்னு நெனச்சேன். நீங்க நெனச்சதேதான். நீங்க மாத்திச் சொன்னீங்க. நான் அதுக்குத் தலையாட்டினேன். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்தம்மா பக்கம் இருந்திருக்கணும்."

"இந்த வருஷம் ஏன் தமிழ்ல கேட்டீங்க?"

"தெரியலங்க. குழந்தையப் பாத்ததும் வாயில வந்துடுச்சு."

அவர் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். விட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை. ஆனால் ஒருத்தராவது அந்தம்மா பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி. நிதி கொடுப்பவரும் கேட்பவரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்வதாக நினைத்து ஒரு பொய்யை ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். கனமே தெரியாது. கனம் இறங்குவது வேறொருத்தி தலையில்.

அதன் பிறகு நாலு ஆண்களுக்குக் கூலி என்று மாதம்மா கேட்டதை அப்படியே எழுதி எத்தனையோ அறக்கட்டளைகளுக்கு அனுப்பினேன். பதில்கள் எல்லாம் மரியாதையாகவே வந்தன. புதுமை இல்லை என்றார்கள். நீடித்து நிற்காது என்றார்கள். கூலி கொடுப்பது எங்கள் கொள்கையில் இல்லை என்றார்கள். ஓய்வு பெறும் வரை ஒரு இடத்திலும் கிடைக்கவில்லை. உண்மையை எழுதினால் கிடைக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. கிடைக்காமல் போகலாம். பொய் எழுதிக் கிடைத்ததால் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன். அன்றைக்கு அந்த அதிகாரியிடம், "இந்த அம்மா கருவி வேண்டாம் என்கிறார், ஏன் என்று நீங்களே கேளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. கேட்டிருப்பாரோ என்னவோ. பேனாவை மூடிவிடுவார் என்று நான்தான் முடிவு கட்டினேன். அவருக்கு அந்த வாய்ப்பையே நான் கொடுக்கவில்லை.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். ஊர்க்காரர் ஒருவர் பேசும்போது, எதிரே இருப்பவர் என்ன கேட்க விரும்புகிறார் என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். இந்த வேலையில் திறமை என்று பாராட்டுவதே அதைத்தான். அந்தத் திறமை வேலை செய்யத் தொடங்கும் நொடியில் வாயை மூடிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், அவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லி, "இதானுங்களே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு மொழிபெயருங்கள். கூட்டத்தில் நேரம் போகும். போகட்டும்.

போன மாதம் தனியாக அந்த மலைக்குப் போனேன். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நாலு மணி நேரம் ஆயிற்று. மாதம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அலமேலுவின் மகள் ஒரு சிலேட்டை வைத்து எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். மாதம்மா எழுந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை நின்றார்.

"இப்ப எந்தக் கம்பெனிக்கு எழுதறீங்க?" என்று கேட்டார்.

"எழுதறதில்லக்கா. ரிட்டையர் ஆயிட்டேன்."

"அப்ப எதுக்கு இம்மாந்தூரம் வந்தீங்க?"

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உங்களையும் பிள்ளையையும் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் புடைக்க உட்கார்ந்தார்.